தாடைச் சிக்கனம்

அவர் கொட்டாவி விடுவதை நின்று பார்ப்பவர்கள் உண்டு. கொட்டாவி வருகிறது என்று தெரிந்ததும் வலது கையை விரித்து மோவாயின் கீழே கொடுத்துத் தாங்குவார். இடது கை காதுக்கு முன்னாலுள்ள எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். வாய் ஒரு விரற்கடை திறக்கும். அதற்கு மேல் திறக்கக் கை விடாது. மீதிக் கொட்டாவி மூக்கு வழியாக வெளியேறும். கண்ணில் நீர் நிற்கும். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒரு காலையில் அப்படித்தான் அவரை முதலில் பார்த்தேன். பக்கத்தில் உறை போட்ட நாயனம் இருந்தது.

பிறகு நாங்கள் ஒரே தெருவில் குடியிருந்தோம். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊரில் அவரை நாயனக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஐம்பதை ஒட்டிய வயது. நல்ல உயரம். தோளில் எந்நேரமும் ஒரு பச்சைத் துண்டு. வளர்பிறை முகூர்த்த நாளில் அவர் கிடைப்பது கடினம். அவர் கிடைக்காததால் கல்யாணத் தேதியையே மாற்றிக்கொண்டவர்களும் சங்கராபுரத்தில் உண்டு.

அவருக்கு வலி தாடை மூட்டில். வாயைத் திறந்து மூடினால் விரல் நுனியில் ஏறி இறங்குமே, அந்த இடத்தில். நாயனத்தின் நுனியில் செருகும் நாணல் சீவாளியை உதட்டில் வைத்து மணிக்கணக்கில் தாடையை இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்கு வருவதுண்டு என்கிறார்கள். ஆரம்பத்தில் அவர் அதைக் காதுவலி என்று நம்பினார். காதில் ஊற்றக்கூடிய எல்லாவற்றையும் வீட்டில் ஊற்றிப் பார்த்தார்கள். காது சுத்தமானது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் பல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் ஓர் இளம்பெண். மூட்டில் விரல் வைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். சோடா மூடி கழன்றது போல ஒரு சத்தம். வெளியே காத்திருந்த நோயாளிகள் உள்ளே எட்டிப் பார்த்ததாகக் கூடப் போன அவருடைய மச்சான் சொன்னார்.

கடினமானதை மெல்லக் கூடாது. வெற்றிலை கூடாது. கொட்டாவி பெரிதாக விடக் கூடாது. பேச்சைக் குறைக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். படுக்கும்போது பல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு மாட்டிக்கொள்ள வேண்டும். வாயை அகலத் திறந்தால் மூட்டு நழுவிப் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நாயனக்காரர் பணிவாகத் தலையாட்டினார். வாசிப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்று மருத்துவர் முடித்தார். அதற்குத் தலை ஆடவில்லை.

"தாடைக்கு ஒரு நாளைக்கு இவ்ளோதான் வேலைன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க" என்று அவர் என்னிடம் விளக்கினார். "அந்த வேலைய எதுக்குக் குடுக்கறதுன்னு நாமதான சார் பாக்கணும்."

அவர் என்னிடம் பேசியதில் மிக நீளமானது இதுதான். அன்றிலிருந்து அவருடைய தாடை நாயனத்துக்கு மட்டும் உரியது. மற்ற எல்லாரும், எல்லாமும், மிச்சமிருந்தால் பெற்றுக்கொள்ளலாம். மிச்சம் இருந்ததில்லை.

முதலில் மெல்வது நின்றது. எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவார்கள். மென்றால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். அவர் மூன்று வேளையும் களிக்கு மாறினார். கல்யாணப் பந்தியில் களி போட மாட்டார்கள் என்பதால் அங்கே வேறு ஏற்பாடு. வடை ரசத்தில் ஊறும். அப்பளம் பாயசத்தில் நொறுங்கிக் கரையும். எதிலும் கரையாத பொருள்கள் பக்கத்து இலைக்கு, அதாவது மச்சான் இலைக்குப் போகும். பரிமாறுகிறவர் முறுக்குத் தட்டோடு வந்தபோது அவர் இலைமேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பருந்தைக் கண்ட கோழி குஞ்சுகளை மூடுவது அந்த மாதிரிதான்.

சிரிப்பு மூக்குக்கு மாற்றப்பட்டது. நல்ல நகைச்சுவைக்கு இரண்டு முறை மூச்சு விடுவார். மிக நல்லதற்கு எழுந்து போய்விடுவார்.

பேச்சை நிறுத்தியதில்தான் வீட்டில் சிக்கல் வந்தது. அவர் மனைவி ஒருநாள் தெருவில் என்னை நிறுத்தினார்.

"சார், நீங்க பேப்பர்காரர்தான? இதப் போடுங்க. பொண்டாட்டி பத்து வார்த்த கேட்டா புருஷன் ஒரு வார்த்த பேசறதில்லன்னு போடுங்க."

"அவருக்கு வலிக்குதுங்களே."

"வலிக்குதா? நேத்து சாயங்காலம் வெளக்கு வெக்கறவரைக்கும் ஊதிக்கினு இருந்தாரு. அப்ப வலிக்கல. அரிசி தீந்துபோச்சே, இன்னா பண்றதுன்னு கேட்டா வலிக்குது."

வீட்டுக்குள் அவர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு முறை 'பீ' என்று கேட்டது.

"பாத்தீங்களா பதில" என்றார் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வெளியே அவருக்குப் பதில் பேச ஆள் இருந்தது. மனைவியின் தம்பி, அவருடைய மச்சான், குழுவில் இரண்டாம் நாயனம் வாசிப்பவர். வாசிப்பில் சுமார். பேச்சில் குறையில்லை. நாயனக்காரர் புருவத்தைத் தூக்கினால் போதும், "மாமா இன்னா சொல்றாருன்னா" என்று ஆரம்பித்துவிடுவார். மாமா நினைத்ததும் அதில் கொஞ்சம் இருக்கும்.

வெள்ளிமலையிலிருந்து ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு அவரைப் பேச வந்தார். நான் அங்கே இருந்தேன். நாயனக்காரர் கையால் ஒரு வட்டம் போட்டு மலைப்பக்கம் காட்டினார். எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

"மாமா இன்னா சொல்றாருன்னா, ஜீப் அனுப்பிடணுமாம். முன்னாடி சீட்டு. பஸ்ஸு குலுக்குமாம்."

நாயனக்காரர் பலமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

"தலைய இப்பிடி ஆட்றாரே" என்றார் வந்தவர்.

"சரின்றத மாமா அப்பிடித்தான் ஆட்டுவாரு. அப்பறம், திரும்பி வரச்சொல்ல மலத்தேன் ரெண்டு பாட்டுலு குடுத்தா நல்லா இருக்குமேன்னு நெனைக்கிறாரு."

நாயனக்காரர் மச்சானை முறைத்தார். முறைப்பு நீண்ட நேரம் நின்றது.

"ரெண்டு போதுமான்னு பாக்கறாரு" என்றார் மச்சான்.

இதைத் திருத்த ஒரே ஒரு வாக்கியம் போதும். மறுநாள் அவர் வாசிக்க வேண்டிய முகூர்த்தம் ஒன்று இருந்தது. அவர் அந்த வாக்கியத்தைச் செலவு செய்யவில்லை. இரண்டு பாட்டில் தேனுக்கு மலைக்காரர் ஒப்புக்கொண்டு போனார்.

சொன்ன நாளில் ஜீப் வரவில்லை, வழியில் பழுதாகிவிட்டது. குழு பேருந்தில் ஏறியது. மலைச்சாலை பழுது பற்றிச் செய்தி சேகரிக்க நானும் அதில் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பல் பல்லோடு மோதும். ஒவ்வொரு மோதலும் மூட்டுக்குப் போகும். நாயனக்காரர் பச்சைத் துண்டை மோவாயின் கீழே கொடுத்து, இரண்டு காது வழியாக மேலே கொண்டுபோய், உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி ஜன்னலில் சாய்ந்தார். வலிக்கு அது சரியான கட்டுதான். ஆனால் தமிழ்நாட்டில் அந்தக் கட்டை எப்போது, யாருக்குக் கட்டுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நடுமலையில் ஒரு பெண் சாமை மூட்டையோடு ஏறினார். நாயனக்காரரைப் பார்த்தார். மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தார். பக்கத்திலிருந்த மச்சானிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த ஊருக்குங்க எடுத்துக்கினு போறீங்க?"

"வெள்ளிமலைக்குங்க" என்றார் மச்சான்.

"அய்யோ பாவம். வயசு ஒண்ணும் ஜாஸ்தியாத் தெரியலியே. எப்ப ஆச்சு?"

"அது ஆகி ஒரு வருசம் இருக்கும்."

அந்தப் பெண் இதைச் சிந்தித்துக்கொண்டிருந்தபோது பேருந்து ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது. நாயனக்காரர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். மூட்டையை விட்டுவிட்டு அந்தப் பெண் ஓட்டுநர் வரைக்கும் போனார். நடத்துநர் வந்து, "பெரியவரே, கையெடுத்துக் கும்புடறேன், அதக் கழட்டிடுங்க. ஏற வந்தவன்லாம் எறங்கிப் போறான்" என்றார். நாயனக்காரர் கட்டோடு தலையை ஆட்டி மறுத்தார். இந்த முறை மச்சான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை அந்தக் கல்யாணத்தில் அவர் வாசித்தார். எனக்கு ராகம் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன். பந்தியில் இருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி நிறுத்தினார்கள். சுவரோரம் அழுதுகொண்டிருந்த குழந்தை ஓய்ந்தது. ஒரு நீண்ட வாசிப்பு முடிந்து தவில் தனியே எடுத்துக்கொண்டதும், அவர் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் தாடை மூட்டுகளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவில் முடியும் நேரத்துக்குச் சரியாக முன்பக்கம் திரும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

இந்தச் சிக்கனம் எல்லாம் எதற்கு என்பது அடுத்த ஆவணியில் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. அவருக்கு ஒரே மகள். கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். வடக்கனந்தலில் விவசாயக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தது. சங்கராபுரத்தில் மண்டபம்.

"மாமா இன்னா சொல்றாருன்னா, பொண்ணு தாலிக்கு அவரேதான் ஊதுவாராம்" என்று மச்சான் அறிவித்தார். அதுவரை அவர் செய்த மொழிபெயர்ப்புகளில் பிழையில்லாதது அதுதான்.

மனைவி விடவில்லை. "பொண்ணப் பெத்தவனா நிப்பீங்களா, மேளக்காரனா ஒக்காருவீங்களா?"

நாயனக்காரர் கையால் தாரை வார்த்துக் காட்டினார். பிறகு இரண்டு விரல்களை நடக்கவிட்டு, தரையில் உட்காரவைத்து, வாய்க்கருகே நாயனத்தைப் பிடித்துக் காட்டினார். ஊரில் எத்தனையோ பேர் வீட்டுப் பெண்களுக்குத் தாலி கட்டும் நேரத்தில் அவர் கெட்டிமேளத்துக்கு ஊதியிருக்கிறார். சொந்தப் பெண்ணுக்கு இன்னொருவர் ஊதுவதை அவரால் நினைக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரியான மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "ஊதுங்கப்பா. ஆனா அதுக்கப்பறம் மூணு மாசம் நாயனத்தத் தொடக் கூடாது. டாக்டர்கிட்ட நானே இட்டுக்கினு போவேன்." அவர் தலையாட்டினார். இது ஆமாம் என்ற ஆட்டல்.

முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் அவர் களியையும் விட்டுக் கஞ்சிக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் அவருக்கு எதிரே வந்தவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்தினார்கள்.

ஒரே ஒன்றை அவர் யோசிக்கவில்லை. இத்தனை வருடம் மேளக்காரராகவே கல்யாணங்களுக்குப் போனவர், பெண்ணைப் பெற்றவராகப் போனதில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாம்பாரில் உப்பு இல்லாததைப் பொறுப்பார்கள். கைகழுவும் இடத்தில் தண்ணீர் வராததைப் பொறுப்பார்கள். வாசலில் நிற்கும் பெண் வீட்டுக்காரர் வாயைத் திறந்து 'வாங்க' என்று சொல்லாததை மட்டும் பொறுக்க மாட்டார்கள். அது பேரன் காலம் வரை சொல்லப்படும்.

காலை ஏழு மணிக்கு வடக்கனந்தலிலிருந்து வேன் வந்தது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. கனத்த உடம்பு, வெள்ளை மீசை. நாயனக்காரர் பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார். குனிந்து கும்பிட்டார். சந்தனம் காட்டினார். கல்கண்டு எடுத்து நீட்டினார். உதட்டை மூடியபடி முகம் முழுக்கச் சிரித்தார். பெரியப்பா கல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மாமா வாங்கன்னு சொல்றாரு" என்றார் மச்சான்.

"அத அவரு சொல்லட்டும்" என்றார் பெரியப்பா.

"அவருக்குத் தாடை..."

"இப்ப உள்ள போயி அவருதான் ஊதப்போறாருன்னு சொன்னாங்க. ஊதறதுக்குத் தாடை இருக்குது. எங்கள வான்னு கூப்புட இல்லியா?"

பெரியப்பா வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வேனில் வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். உள்ளே போட்ட டிபன் இலைகள் காற்றில் ஆடத் தொடங்கின. செய்தி மணமேடை வரை போனது. முந்தின இரவே வந்துவிட்ட மாப்பிள்ளை கழுத்து மாலையோடு எழுந்து நின்றார். மணப்பெண் அறைக்கதவு திறந்து, மூடியது.

நாயனக்காரரின் மனைவி வந்தார். இந்த முறை சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த. ஒண்ணே ஒண்ணு. சொல்லிட்டு வந்துடுங்க" என்றார்.

நாயனக்காரர் மேடைப்பக்கம் பார்த்தார். அங்கே பாயில் அவருடைய நாயனம் கிடந்தது. பிறகு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். தாடையை அசைக்காமல், பல் இடுக்கு வழியாகச் சொன்னார்.

"வ்ங்க, சம்ந்தி."

பெரியப்பாவின் முகம் சிவந்தது. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்குங்க. பல்லக் கடிச்சிக்கினு கூப்புட்றாரு."

இதற்குப் பிறகு ஒரு வழிதான் இருந்தது. நாயனக்காரர் ஒரு கணம் கண்ணை மூடினார். கச்சேரி தொடங்கும் முன் இழுப்பதைப் போல மூச்சை இழுத்தார். மோவாயின் கீழே கை கொடுக்காமல், முழு வாயையும் திறந்து, வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "வாங்க சம்மந்தி! எல்லாரும் வாங்க!" என்றார். நல்ல குரல். ஒரு வருடத்துக்கும் மேலாக நாங்கள் யாரும் கேட்காதது.

கடைசி 'வாங்க'வில் 'வா' மட்டும்தான் வெளியே வந்து நின்றது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

பெரியப்பா எழுந்துவிட்டார். மனம் குளிர்ந்துவிட்டது. "சரி சம்மந்தி. அதான் எழுந்துட்டேனே. போதும்" என்றார்.

வாய் மூடவில்லை. 

"வந்துட்டோம் சம்மந்தி. வுடுங்க."

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். "மாமா இன்னா சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தவர், மாமாவின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா கிட்டே போய் உற்றுப் பார்த்தார். மோவாயைத் தொட்டுப் பார்த்தார். "தாடை நழுவிக்கிச்சிடா" என்றார். "யாரும் கிட்ட வராதீங்க. மாட்டு வாயத் தொறந்து மருந்து ஊத்தி ஊத்திப் பழகுன கை இது." தோளிலிருந்த துண்டைக் கிழித்து இரண்டு கட்டை விரலிலும் சுற்றிக்கொண்டார். நாயனக்காரரைத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். விரல்களைக் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, ஒரே அழுத்தாகக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். மாட்டோடு பேசுவதைப் போலவே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். "ஆச்சு... ஆச்சு... இன்னும் கொஞ்சம்... என் ராசா..." உள்ளே ஒரு சத்தம் கேட்டது. வாய் மூடியது.

யாருடைய வாயில் விரலை வைத்தாரோ அந்தச் சம்மந்தியோடு ஒருவர் அதற்கு மேல் கோபமாக இருக்க முடியாது. பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பிடின்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். மச்சான் ஏதோ சொல்ல வந்தார். அக்கா பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

பிறகு வந்த வேன்களுக்கும் கார்களுக்கும் பெண் வீட்டார் சார்பில் மண்டப வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பாதான் நின்று வரவேற்றார். நான் பார்த்த கல்யாணங்களில் இது மட்டும் அப்படி. "வாங்க, வாங்க. எங்க சம்மந்தி சொன்னதா வெச்சிக்குங்க" என்று அவர் மண்டபம் அதிரச் சொல்ல, நாயனக்காரர் பக்கத்தில் நின்று கைகூப்பினார்.

முகூர்த்தம் நெருங்கியதும் நாயனக்காரர் மேளப் பாய்க்குப் போனார். நாயனத்தை எடுத்துச் சீவாளியை உதட்டில் வைத்தார். ஒரு சுரம் வந்தது. அது நிற்காமல் நடுங்கிக் கீழே இறங்கியது. இன்னொரு முறை வைத்தார். இந்த முறை காற்று மட்டும் வந்தது. தவில்காரர் தவிலின் வாரைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்துகொண்டார். நாயனக்காரர் சீவாளியைத் துடைத்தார். நாயனத்தை மச்சான் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

தாரை வார்த்து முடித்து, அவர் மனைவி பக்கத்தில், பெண்ணைப் பெற்றவர் நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றார். ஐயர் கையை உயர்த்தினார். யாரோ "கெட்டிமேளம்" என்று கத்தினார்கள். மச்சான் ஊதத் தொடங்கினார். சுமாரான வாசிப்பு என்று முன்பே சொன்னேன். அன்று அதைவிடக் கொஞ்சம் மேல். அட்சதை பறந்தது. நான் மேடையோரம் நின்றதால் நாயனக்காரரின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. உதடுகள் குவிந்திருந்தன. வாயில் எதுவும் இல்லை. கன்னங்கள் இரண்டும் முழுதாக உப்பியிருந்தன.

"அப்பா, கன்னத்த வுடுங்க. போட்டோ கெட்டுப்போவுது" என்றார் புகைப்படக்காரர்.

அவர் விடவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து, மச்சான் நாயனத்தை இறக்கிய பிறகுதான் விட்டார்.